முக்குளிப்பில் ஜெயிப்பது உடம்பா, தசையா?

ப்ளஸ் ஒன்னில் சுவாசப் பாடம் வந்தாலே, திமிங்கிலம் எப்படி அவ்வளவு நேரம் மூச்சை அடக்குகிறது என்று யாராவது கேட்டுவிடுவார்கள். திருநெல்வேலிப் பிள்ளைகள் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். 1973 ஜனவரியில் மணப்பாட்டில் 147 பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. 2016-ல் மறுபடியும் திருச்செந்தூர்ப் பக்கம் கூட்டமாக ஒதுங்கின. வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதை இது.

நுரையீரல் என்று பதில் சொல்ல முடியாது. ஆழத்தின் அழுத்தத்தில் அது சுருங்கிவிடுகிறது. மிச்சம் இரண்டு பதில்கள்: உடம்பின் அளவு, தசை. நான் தசையைத்தான் எடுத்தேன்.

அளவின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. உடம்பு பெருக்கிற அளவுக்கு ஆக்சிஜன் செலவு பெருகுவதில்லை. ஆகவே ஒரே மாதிரித் தசை இருந்தால் பெரிய விலங்குதான் அதிக நேரம் தாங்கும். சரி, அப்படியானால் நூறு டன்னைத் தாண்டும் நீலத் திமிங்கிலம்தானே முதலிடத்தில் இருக்க வேண்டும்? அது வழக்கமாகப் பத்து, பதினைந்து நிமிடத்தில் மேலே வந்துவிடுகிறது. இரண்டு, மூன்று டன் எடையுள்ள கூவியர் அலகுத் திமிங்கிலமோ 222 நிமிடம் உள்ளேயே இருந்ததாகப் பதிவு உண்டு. வாயைப் பிளந்து பாய்ந்து இரை பிடிப்பதில் நீலத் திமிங்கிலத்துக்குச் சக்தி நிறையச் செலவாகிறது, அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அது மட்டும் போதாது.

தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைப்பது மயோகுளோபின் என்ற புரதம். சூரை மீனை வெட்டும்போது நடுவில் தெரிகிற கருஞ்சிவப்புப் பட்டையின் நிறம் இதனால்தான். ஆழ்ந்து முக்குளிக்கும் திமிங்கிலத்தின் நீச்சல் தசை முழுக்கவே அதைவிடக் கறுத்த சிவப்பு. தரைவாழ் பாலூட்டிகளின் தசையில் 100 கிராமுக்கு மயோகுளோபின் பெரும்பாலும் 1 கிராம்கூட இருக்காது. பாட்டில்மூக்கு டால்பினுக்குச் சுமார் 3 கிராம். பைலட் திமிங்கிலத்துக்கு அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1958-ல் ஜான் கென்ட்ரூ முதன்முதலாக ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டதும் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மயோகுளோபினில்தான்.

இவ்வளவு புரதத்தை ஓரிடத்தில் அடைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாதா? ஆகாது. முக்குளிக்கும் விலங்குகளின் மயோகுளோபினுக்கு மேற்பரப்பில் நேர்மின்னூட்டம் அதிகம். மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. இது 2013-ல் வெளிவந்த ஆய்வு. பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்கிற இடமும் இதுதான்.

அப்புறம் தசை இழை. அலகுத் திமிங்கிலத்தின் நீச்சல் தசையில் சுமார் 80 சதவீதம் வேக இழைகள், ஆக்சிஜனைச் செலவழித்துச் சக்தி உண்டாக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவும் குறைவு. நீண்ட நேரம் தாங்க மெது இழைகள்தானே வேண்டும் என்று தோன்றும். ஆய்வாளர்களின் விளக்கம் வேறு: அந்த வேக இழைகள் ஆக்சிஜனை அதிகம் செலவழிக்காமல் கிடங்கு போல வைத்திருக்க, நீந்துகிற வேலையைக் கொஞ்சமே உள்ள மெது இழைகள் பார்த்துக்கொள்கின்றன.

ஒதுங்கிய திமிங்கிலத்தைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி, நான் அறுத்துப் பார்த்தவன் அல்ல. எண்கள் எல்லாம் ஆய்வாளர்களுடையவை. குட்டிகளை மட்டும் வைத்து இந்த ‘அளவா, தசையா’ வழக்கைத் தீர்க்கவும் முடியாது. பிறந்த டால்பின் குட்டிக்குத் தாயின் மயோகுளோபினில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் உடம்பும் சின்னது. அதனால்தான் வகுப்பில் நீலத்தையும் கூவியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.