இம்பிளான்ட் பிரிட்ஜுக்கு லேசர் வெல்டர்: ஆறு வருஷ அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பல் லேபுக்கு லேசர் வெல்டர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன் எல்லாம் சோல்டரிங்தான். பிரிட்ஜை (பல பற்களைச் சேர்த்த உலோகச் சட்டம்) இன்வெஸ்ட்மென்டில் (சூடு தாங்கும் அச்சுக் கலவை) புதைத்து, காயவைத்து, சூடேற்றி, ஆறும்வரை காத்திருந்து எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும், பீங்கான் ஏற்றிய வேலை என்றால் விரிசல் பயம் வேறு. லேசரில் சூடு அந்தப் புள்ளியோடு நின்றுவிடுகிறது. மாடலில் ஸ்க்ரூ முடுக்கியபடியே, கையில் பிடித்துக்கொண்டே வெல்டு அடிக்கலாம்.

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு உண்டு, பல் கொஞ்சம் அசைந்து இடம் கொடுக்கும். இம்பிளான்ட், அதாவது தாடையில் பதிக்கிற செயற்கை வேர், எலும்போடு ஒட்டி வளர்ந்தது, இடம் கொடுக்காது. மேலே ஸ்க்ரூவில் மாட்டுகிற பிரிட்ஜின் ஃபிட் தப்பினால் அந்த இழுப்பு முழுக்க ஸ்க்ரூவிலும் எலும்பிலும்தான் விழும்.

போன மாதம் ஒரு கீழ்த்தாடை கேஸ், ஆறு பல், கோபால்ட் குரோம். ஒரு ஓரத்து ஸ்க்ரூவை மட்டும் முடுக்கியதும் மறு ஓரம் மயிரிழை அளவு தூக்கியது. டிஸ்க் போட்டு நடுவில் அறுத்துக் கொடுத்தேன், டாக்டர் வாயிலேயே இரண்டு துண்டையும் பேட்டர்ன் ரெசினால் (கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக்) பிடித்து அனுப்பினார். அனலாக் (இம்பிளான்ட்டின் நகல்) மாட்டிப் புது மாடல் ஊற்றி, முன்னால் ஒரு புள்ளி, நேர் பின்னால் ஒரு புள்ளி, அப்புறம் மேலே, கீழே என்று மாற்றி மாற்றி அடித்தேன். ஒரே பக்கமாக ஓட்டினால் உலோகம் ஆறும்போது அந்தப் பக்கமே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளியும் முந்தியதன் மேல் முக்கால்வாசி ஏறி உட்கார வேண்டும், மீன் செதில் மாதிரி. இந்த முறை ஓரம் தூக்கவில்லை.

டைட்டானியத்தில்தான் நான் அடிபட்டேன். சூட்டில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்குகிற தன்மைக்கு வந்துவிடும், அதனால்தான் காற்றை விலக்க ஆர்கான் வாயு. ஜாயின்ட் வெள்ளி நிறமாக இருந்தால் சரி, நீலம் ஓடினால் ஆர்கான் போதவில்லை. இரண்டாவது வருஷம் சிலிண்டர் தீரப்போகிற நேரத்தில் ஒரு பார் (இம்பிளான்ட்களை இணைக்கும் உலோகக் கம்பி) வேலை. நீலம் தெரிந்தது, பாலிஷில் போய்விட்டது, அனுப்பிவிட்டேன். நாலே மாதத்தில் உடைந்தது. திருவொற்றியூரிலிருந்து வயதான ஓர் அம்மா, அவர்கள் மறுபடி மறுபடி அலைந்ததற்கு நான்தான் காரணம். இப்போது நீலம் கண்டால் அறுத்துவிட்டுத் திரும்ப அடிக்கிறேன். பெடலை அரை அழுத்து அழுத்தி, ஆர்கான் இரண்டு விநாடி ஓடிய பிறகுதான் முழு அழுத்து.

பராமரிப்பு பெரிய தொல்லை இல்லை. கூலிங்குக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், கேன் தண்ணீர் கூடவே கூடாது. லென்ஸ் முன்னால் இருக்கும் காப்புக் கண்ணாடியில் தெறிப்பு படிந்தால் வெல்டு ஆழம் குறையும், வாரம் ஒருமுறை பாருங்கள். லேசருக்கு ஒளி ஊட்டும் ஃபிளாஷ் லாம்ப் மாற்றுகிற செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். மில்லிங்கில் (மெஷின் கடைந்து எடுப்பது) ஒரே துண்டாக வரும் வேலைகள் கூடிவிட்டதால் வெல்டிங் முன்பைவிடக் குறைவுதான், ஆனாலும் ஃபிட் தவறி வரும் கேஸ்களுக்கு எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

அப்புறம், தீபாவளி நெருக்கத்தில் துணிக்கடைகள் நிறைந்த எங்கள் எம்.சி. ரோட்டுப் பக்கம் சிலிண்டர் வண்டி நுழையாது. ஆவணி முடிவதற்குள் ஸ்பேர் சிலிண்டர் ஒன்று வாங்கி உள்ளே வைத்துவிடுகிறேன்.