கன்று நடுகைக்கு விற்கிற ஊக்கிகள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

யாழ்ப்பாணத்தில் இப்போது விவசாய மருந்துக்கடைகளுக்குள் போனால் நாற்று நடுகைக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது. கடற்பாசிச் சாறு, வேர் ஹோர்மோன் தூள், விற்றமின் பி1, மைக்கோரைசா என்ற வேர்ப் பூஞ்சணத் தூள் என்று போத்தலும் பைக்கற்றுமாக அடுக்கி வைத்திருப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கடையில் இந்த நாலையும் வாங்கி, கோண்டாவிலில் எங்கள் வளவுச் செம்மண்ணில் மிளகாய், கத்தரி, தக்காளிக் கன்றுகளுக்கும் கொஞ்சம் பூமரத் தடிகளுக்கும் பாவித்துப் பார்த்தேன். கடற்பாசிச் சாறு வாங்கலாம். வேர்த்தூளைத் தடி ஊன்றுகிறவர்கள் மட்டும் வாங்கலாம். பி1 வேண்டாம். மைக்கோரைசா எந்தப் பயிருக்கு, எந்த மண்ணுக்கு என்பதைப் பொறுத்தது.

கடற்பாசிச் சாறு கறுத்த, கொழகொழத்த திரவம். மூடியைத் திறந்தால் கருவாட்டுக் கடை வாசலில் நிற்கிற மாதிரி ஒரு மணம் வரும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் வாங்கிய போத்தலில் லீற்றருக்கு 2 மில்லி லீற்றர் என்று போட்டிருந்தது. கடைக்காரத் தம்பி, “அக்கா, இரண்டு மூடி விடுங்கோ, ஒரு கண்டும் வாடாது” என்றார். மூடி அளவெல்லாம் சரிவராது, ஊசி மருந்து அடிக்கிற சிரிஞ்ச் ஒன்றை வைத்து அளந்து எடுங்கள். இது பசளை இல்லை என்பதையும் மனதில் வைத்திருக்க வேண்டும். இதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. கொஞ்சம் பொட்டாசியமும், வளர்ச்சியைத் தூண்டுகிற சில பொருட்களும்தான் இருக்கின்றன. ஆகவே எருவை நிறுத்திவிட்டு இதை ஊற்றினால் கன்று மஞ்சளாகத்தான் போகும்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அது எந்த லேபிளிலும் இல்லை. நமது கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிறது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல்சியம். கடற்பாசியில் இருக்கிற அல்ஜினேற் என்ற பசைப்பொருள் கல்சியத்தைக் கண்டதும் கட்டியாகிவிடும். கிணற்றுத் தண்ணி வாளிக்குள் சாற்றை விட்டுக் கலக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். எனக்கு அடியில் பழுப்பு நிறத்தில் நூல்நூலாக, வெண்டிக்காய்ச் சளி மாதிரி ஒன்று திரண்டு நின்றது, ஸ்பிறேயரின் வாயையும் அதுதான் அடைத்தது. அதே சாற்றை மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணியில் விட்டால் தேயிலைச் சாயம் போலத் தெளிவாகக் கரைகிறது. கூரைத்தண்ணி பிடிக்க ஒரு பரல் இருந்தால் இந்தப் போத்தலுக்குக் கொடுத்த காசு வீணாகாது. இல்லையென்றால் தெளிக்காமல், கலந்த கையோடு அடியில் ஊற்றிவிடுங்கள்.

சரி, பலன்? ஒரே நாற்றுமேடையில் பிடுங்கிய மிளகாய்க் கன்றுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாத்தியில் வேரைச் சாற்றில் நனைத்து நட்டேன், மற்றதில் வெறும் தண்ணி. தை வெயிலில் மத்தியானம் போய்ப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது: சாற்றில் நனைத்த கன்றுகளின் நுனி இலை தொங்கினாலும் பொழுதுபடும்போது நிமிர்ந்துவிட்டது, மற்றப் பாத்தியில் அடுத்த நாள் காலைவரை சுருண்டபடி நின்றவை கனக்க. ஆனால் பூக்கிற நேரம் வந்தபோது இரண்டு பாத்தியும் ஒரே மாதிரித்தான் நின்றன. ஆக இது அந்த முதல் கிழமையைத் தாண்ட உதவுகிறது, காய் கூடக் காய்க்கும் என்று போத்தலில் எழுதியிருப்பதை நான் என் பாத்தியில் காணவில்லை. பிடுங்கும்போது மெல்லிய வேர்மயிர்கள் அறுந்துவிடுகின்றன, தண்ணி உறிஞ்சுவது அவைதான், இலையோ வெயிலில் தண்ணியை விட்டுக்கொண்டே இருக்கிறது. வாட்டத்துக்குக் காரணம் இதுதான் என்பதால், பின்னேரத்தில் நடுவதும், வேரோடு மண் உதிராமல் எடுப்பதும், பக்கத்தில் பூவரசங் குழையோ கிடுகுத் துண்டோ குத்தி நிழல் கொடுப்பதும் எந்தப் போத்தலையும் விடப் பெரிய வேலை செய்யும்.

வேர்த்தூளைப் பற்றிக் கடைகளில் பிழையாகச் சொல்லி விற்கிறார்கள், அது எனக்குக் கோபம். இதில் இருப்பது ஐ.பி.ஏ. என்கிற ஹோர்மோன், வேரே இல்லாத தடியில் புது வேர் முளைக்க வைப்பது அதன் வேலை. இளந்தடிக்கு 0.1 வீதம், அரைமுற்றலுக்கு 0.3, முற்றின தடிக்கு 0.8 என்ற அளவுகளில் வருகிறது. செவ்வரத்தை, மல்லிகைத் தடிகளுக்கு நன்றாக வேலை செய்தது. ஏற்கெனவே வேர் விட்டு நிற்கிற கத்தரிக் கன்றுக்கு அதைப் பூசச் சொல்லுவது காசைப் பிடுங்குகிற வேலை. அதிலும் மோசம், பெரிய டப்பாவில் இருந்து சின்னப் பொலித்தீன் பைக்குள் போட்டு, எத்தனை வீதம் என்று ஒரு எழுத்தும் இல்லாமல் விற்பது. வீதம் எழுதாத பையைக் கையில் எடுக்காதீர்கள்.

விற்றமின் பி1 கதை பழசு. 1930களில் ஆய்வுகூடத்தில் வெட்டியெடுத்த பட்டாணி வேர்த் துண்டுகள் பி1 கொடுத்தபோது வளர்ந்தன, அதிலிருந்துதான் இந்த வியாபாரம் பிறந்தது. முழுச் செடிக்கோ இலை இருக்கிறது, தனக்கு வேண்டிய பி1ஐ அதுவே செய்துகொள்கிறது, பிறகு நடந்த சோதனைகளிலும் நட்ட கன்றுகளுக்குப் பயன் தெரியவில்லை. என் தக்காளியிலும் வெறும் தண்ணிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மைக்கோரைசா நல்ல பொருள், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். அது வேரோடு சேர்ந்து வாழ்கிற பூஞ்சணம், தூளை நடுகிற குழிக்குள் வேரில் படும்படி போட வேண்டும், மேலே தூவிப் பலனில்லை. கோவா, முள்ளங்கி, பீட்றூட் இந்தப் பூஞ்சணத்தோடு சேராத பயிர்கள், அவற்றுக்கு வாங்குவது வீண். பொஸ்பேற் பசளை கனக்கப் போட்ட மண்ணிலும் அது சரியாகப் பிடிக்காது, வருசக்கணக்காகப் பசளை போட்டுவந்த தோட்டக்காணி என்றால் இதை யோசியுங்கள். எங்கள் கத்தரிக்கு இன்னும் ஒரு போகம் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். உயிருள்ள பொருள் என்பதால் வெக்கையில் கிடந்தால் செத்துவிடும், நான் போன கடையில் அதைத் தகரக் கூரைக்குக் கீழே, வெயில் விழுகிற கண்ணாடித் தட்டில் அடுக்கியிருந்தார்கள். திகதியைப் பாருங்கள், பைக்கற்றைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உள்ளே நிழலில் இருக்கிறதைக் கேட்டு வாங்குங்கள்.