ஆர்கிட்டின் பழுத்த இலை: வெட்டுவதா, தானாக உதிர விடுவதா?

வீட்டுக்குள் வளரும் ஃபலனாப்சிஸ் வகை ஆர்கிட்டில் அடியிலை ஒன்று மட்டும் மஞ்சளானால் பயம் வேண்டாம்; அது வயதான இலை. கையில் கத்தரிக்கோல் எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

சத்து
உதிர விட்டால்: பழுக்கும் இலையிலிருந்து தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் எல்லாம் புது இலைக்குப் போய்ச் சேரும். சில வாரங்கள் ஆகும்.
வெட்டினால்: பாதியில் நின்றுவிடும். மூன்று நான்கு இலையே உள்ள செடிக்கு இது பெரிய இழப்பு.

நோய்
உதிர விட்டால்: காய்ந்த இடத்தில் செடியே தடுப்புப் படலம் போட்டுக்கொள்ளும், காயம் இருக்காது. இலை இடுக்கில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகும். பஞ்சால் ஒற்றி எடுங்கள்.
வெட்டினால்: ஒரே கத்தியால் செடிக்குச் செடி வெட்டும்போது சாறு வழியே வைரஸ் பரவும், அதற்கு மருந்தே கிடையாது. ஸ்பிரிட்டில் துடைப்பதை நம்பாதீர்கள். செடிக்கு ஒரு புது பிளேடு நல்லது. தண்டை ஒட்டி வெட்டாமல் 2 செ.மீ. விடுங்கள். வெட்டுவாயில் சமையல் இலவங்கப்பட்டைத் தூள் தடவலாம்; வேரில் படக்கூடாது, வேரை உலர்த்திவிடும்.

அழகு
இதில் வெட்டுவதே மேல்.

சாதாரண முதுமைக்கு உதிர விடுவதே சரி. முழுக்கப் பழுப்பாகிக் காய்ந்தபின் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் கையோடு வரும். வராவிட்டால் இழுக்காதீர்கள், தண்டு கிழியும்.

கறுத்த, நீர் கோத்த புள்ளி பரவினாலோ நாற்றம் வந்தாலோ அன்றே வெட்டுங்கள், நல்ல பச்சைப் பகுதியில் 2 செ.மீ. சேர்த்து. பல இலைகள் ஒன்றாகப் பழுத்தால் இலையை விட்டுவிட்டு வேரைப் பாருங்கள்.