மதுரையில் வகுப்பா, நாகர்கோவிலில் வழக்குப் பயிற்சியா?

குடும்ப நீதிமன்ற நீதிபதி, ஆலோசகர், வழக்கறிஞர் எல்லோருக்கும் வீட்டு வன்முறையையும் குழந்தைக்கு நடக்கும் கொடுமையையும் அடையாளம் காணப் பயிற்சி தேவை. அதை எப்படிக் கொடுப்பது?

ஒரு வழி, மாநில நீதித்துறை அகாடமியின் மதுரை மையம் போன்ற இடத்தில் வகுப்பு. சட்டம் தெளிவாகும். 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் அடி உதையோடு நிற்கவில்லை. பாலியல், வாய்மொழி, மன, பொருளாதாரத் துன்புறுத்தலும் அதில் வன்முறைதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012), குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது. இவற்றுக்கு ஒரு நாள் போதும்.

இன்னொன்று, நாகர்கோவிலிலேயே சிறு குழுவாக வழக்குக் கட்டுகளை வைத்துப் பேசுவது. என் மனம் இதன் பக்கம்தான். 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 9 சமரசத்துக்கு முயலச் சொல்கிறது. கணவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் “சரி, போறேன்” என்றால் அது சமரசமா, பயமா? குளச்சலில் மனைவி மீன் விற்றுவரும் காசைக் கணவன் பிடுங்கிக்கொள்வது வெறும் குடும்பச் சண்டையா? அப்பாவைப் பார்க்க மறுக்கும் பிள்ளையை, ‘அம்மா சொல்லிக்கொடுத்தது’ என்று எழுதும் முன் தனியாக, அதன் விளவங்கோட்டு வட்டாரப் பேச்சிலேயே விசாரிக்க வேண்டாமா? இதையெல்லாம் வகுப்புக் குறிப்பு சொல்லித்தராது.

ஒரு சிக்கல் உண்டு. சின்ன மாவட்டம், பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். அதனால் வேறு மாவட்ட வழக்குகளை எடுக்க வேண்டும். மதுரை வகுப்பு முதலில் ஒரு முறை, அப்புறம் நாகர்கோவிலில் மாதந்தோறும்.