வலைக்கண் தெரிகிறதா? எப்சன் பி600, எல்805, டவுன் லாப் மூன்றிலும் ஒரே படம்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துப் பக்கம் விடியற்காலையில் ஒருவர் தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறார். வலை காற்றில் முழுசாக விரிந்த நொடியில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 24 மெகாபிக்சல் கமரா, 6000க்கு 4000. திரையில் நூறு வீதத்துக்குப் பெரிதாக்கினால் ஒவ்வொரு கண்ணும், முடிச்சுக்கூட, தனித்தனியாகத் தெரியும். டவுனில் ஒரு போட்டோ லாப்பில் ஏ4 அளவில் பிரின்ட் எடுத்துப் பார்த்தேன். வாவித் தண்ணியின் நிறம் அருமையாக வந்திருந்தது, அவருடைய முகமும் வடிவாக இருந்தது, ஆனால் வலை இருந்த இடத்தில் சாம்பல் நிறப் புகை மாதிரி ஏதோ ஒன்றுதான் இருந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது. லாப் மெஷின் லேசர் ஒளியால் போட்டோ பேப்பரில் எழுதுவது ஏறத்தாழ 300 பிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல். என் படத்தை ஏ4 நீளத்துக்கு வைத்தால் ஓர் அங்குலத்துக்கு 513 பிக்சல் வருகிறது. அதை 300 ஆகக் குறைக்கும்போது ஒரு பிக்சல் தடிப்புள்ள நூல் பக்கத்துத் தண்ணியோடு கலந்துவிடும். கல்யாண ஆல்பத்துக்கு இது ஒரு குறையே இல்லை. வலைக்குத்தான் ஆகாது.

கனடாவில் இருக்கும் மச்சான் தான் பாவித்த எப்சன் ஷூவர்கலர் பி600 பிரின்டரை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்திருந்தான். 13 அங்குல அகலம் வரை அடிக்கும், ஒன்பது காட்ரிஜ், எல்லாம் பிக்மென்ட் மை, அதாவது நிறத்துகள் கலந்த மை. களுவாஞ்சிக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கூட்டாளியிடம் எப்சன் எல்805 இருக்கிறது, ஆறு நிற டாங்க், டை மை, அதாவது நிறம் கரைந்த மை. இரண்டிலும் இந்த ஒரே படத்தை அடித்து, நகை வேலை செய்யும் மாமாவிடம் பத்து மடங்கு கண்ணாடியை இரவல் வாங்கி, இரண்டு பின்னேரம் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் பெட்டியில் போட்டிருக்கும் 5760 என்ற எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கடைகளில் எல்லாரும் அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். இரண்டு பிரின்டரிலும் 5760க்கு 1440 டிபிஐ என்றுதான் இருக்கும். அது மைத்துளி விழக்கூடிய இடங்களின் கணக்கு, படத்தின் நுணுக்கம் வேறு கணக்கு. 360 பிபிஐ படமென்றால் ஒரு பிக்சலின் இடத்துக்குள் குறுக்கே 16, நெடுக்கே 4, மொத்தம் 64 இடம். கையில் இருப்பது சில நிற மை மட்டுந்தானே, அந்த 64 இடத்தில் எங்கே துளி போடுவது எங்கே வெறுமையாக விடுவது என்று பார்த்துப் பார்த்துத்தான் தோலின் நிறத்தையும் வானத்தின் நிறத்தையும் அது உருவாக்குகிறது. படத்தை 720 பிபிஐயில் கொடுத்தால் அதே பிக்சலுக்கு 16 இடந்தான் மிஞ்சும். அதனால் 720இல் நிறப்படிகள் கெட்டுப்போகுமோ என்ற பயம் எனக்கு இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் கெடவில்லை.

பி600இன் டிரைவர், அதாவது கம்பியூட்டரில் பிரின்டரை இயக்கும் மென்பொருள், சாதாரணமாக 360இல்தான் படத்தை எடுத்துக்கொள்ளும். 'ஃபைனஸ்ட் டீடெயில்' என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் டிக் போட்டால்தான் 720. என்னுடைய 513ஐ அப்படியே கொடுத்து டிக்கும் போடாமல் விட்டால், டிரைவர் தானே 360க்குக் குறைத்துவிடும். முதல் தாளை அப்படித்தான் அடித்தேன், சரிவாகப் போகும் நூல்கள் படிக்கட்டு மாதிரி உடைந்து வந்தன. இரண்டாவதுக்கு நானே போட்டோஷொப்பில் 360 ஆகக் குறைத்து மெல்லியதாக ஷார்ப் செய்தேன், படிக்கட்டு போய்விட்டது. மூன்றாவது, 720 ஆகக் கூட்டி, டிக் போட்டு, 'ஹை ஸ்பீட்' என்பதை எடுத்துவிட்டு அடித்தது. ஹை ஸ்பீட் இருந்தால் மை தெளிக்கும் ஹெட் போகும்போதும் திரும்பும்போதும் மை போடும், இரண்டும் ஒரு நூலளவு விலகினாலே மெல்லிய கோடு இரட்டையாகத் தெரியும். எடுத்துவிட்டால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்து மகளைக் கூப்பிட்டேன், அவளுக்குப் பதினொரு வயது. ஒன்றும் சொல்லாமல் "எது நல்லா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். கண்ணாடி இல்லாமலே மூன்றாவதைத் தொட்டு, "இதுலதான் வலைட ஓட்டை எல்லாம் தெரியுது அப்பா" என்றாள். என் அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு பேரும் சொன்னது சரி. 25 சென்ரிமீற்றர் தூரத்தில் நல்ல கண் பிரித்தறிவது ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர், அதாவது 350 பிபிஐ பக்கம். அதற்கு மேலே போகும் நுணுக்கத்தை வலை, முடி, சீலைக்கரை மாதிரி இடங்களில் இளங்கண்தான் கிட்ட வைத்துப் பார்த்துப் பிடிக்கும். முகத்தை மட்டும் பார்த்தால் மூன்று தாளுக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

நான் எதிர்பாராதது எல்805தான். அதன் மிகச்சிறிய துளி 1.5 பிக்கோலீற்றர், பி600இல் 2. கேட்க வித்தியாசம் பெரிதாக இருக்கிறது, விட்டமாகக் கணக்குப் பார்த்தால் 14 மைக்ரோனும் 15.6 மைக்ரோனும், தாளில் விழுந்து பரவிய பிறகு ஒன்றுமே இல்லை. பளபளப்புத் தாளில், 360இல் அடித்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தபோது கூட்டாளிக்கும் எனக்கும் எது எதுவென்று சொல்ல முடியவில்லை. இருட்டுப் பக்கத்தில், பாலத்தின் நிழலில், பி600இன் கறுப்பும் இரண்டு சாம்பலும் சேர்ந்து கொடுக்கும் ஆழம் வேறு மாதிரி, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நுணுக்கத்துக்காக மட்டும் யாரும் அவ்வளவு காசு போடத் தேவையில்லை.

தாள்தான் பிரின்டரைவிடக் கூடுதல் வித்தியாசம் காட்டியது. 720இல் அடித்த அதே கோப்பைப் பளபளப்பில்லாத மட் தாளில் அடித்தேன். மை கொஞ்சம் உள்ளே இறங்கிப் பரவி, 360க்கும் 720க்கும் இருந்த வித்தியாசம் முழுதாகப் போய்விட்டது. அரைப் பளபளப்புள்ள லஸ்டர் தாளில் முடிச்சு தெரிகிறது, மட்டில் நூல் மட்டும் தெரிகிறது. மலிவுப் பளபளப்புத் தாள் ஒன்றும் வாங்கியிருந்தேன், அதில் மை காயாமல் மேலே நின்று நூலும் நூலும் ஒட்டிக்கொண்டன. நல்ல தாளுக்குக் காசு கொடுங்கள், ஐந்து தாள் என்றாலும் பரவாயில்லை.

படத்தில் இருப்பவரைத் தேடிப்போய் மூன்றாவது பிரின்டைக் கொடுத்தேன். தன் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. வலையின் ஓரத்தில் விரலை வைத்து, "இதுல மூணு கண் அறுந்து கிடக்கு தம்பி, அண்டைக்கு நான் கவனிக்கல்ல" என்றார். நானும் அதுவரை பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து லாப் பிரின்டில் அதே இடத்தைக் கண்ணாடி வைத்துத் தேடினேன், அங்கே புகைதான் இருந்தது.

அந்தத் தைரியத்தில் மருதமுனையில் கைத்தறிச் சீலை விற்கும் நானா ஒருவருக்கு, கடையில் தொங்கவிட, கரையைக் கிட்ட எடுத்த நாலு படம் அடித்துக் கொடுத்தேன். பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குவது கையால் தடவலாம் போல வந்திருந்தது. "இழைய எண்ணலாம் போல இருக்கே தம்பி" என்றவர், மற்றக் கரைகளின் படங்களைத் தானே எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் நீளப்பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும், ஏ4இல் வைத்தால் 137 பிபிஐ, எந்தப் பிரின்டராலும் அதில் இழை காட்ட முடியாது. 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொன்னேன், சரியாக வந்தது.

இப்போது மாரி தொடங்கப்போகிறது. ஈரக்காற்றில் தாள் வளைந்து ஹெட்டில் உரசும், போன வருடம் அப்படி நல்ல லஸ்டர் தாள் இரண்டு பழுதானது. பெட்டியைத் திறந்தால் மிச்சத் தாளைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, மை வரும் துளைகளைச் சோதிக்கும் நொசில் செக் அடியுங்கள், ஒரு துளை அடைத்திருந்தாலும் வலையில்தான் முதலில் கோடு விழும்.