துப்பாக்கிக் குழலில் தங்கிய குண்டை வெளியேற்றும் வாயுக் கருவி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹோவிக் நோக்கி ஏறும் மேட்டுநிலத்தில் மூடுபனி வருவதற்கு நேரம் காலம் கிடையாது. சென்ற ஆண்டு அப்படியொரு சனிக்கிழமை காலையில், துப்பாக்கியில் வெடிமருந்தும் குண்டும் கெட்டித்து நான் குறிபார்க்கத் தொடங்கிய வேளையில் இலக்குப் பலகை கண்ணைவிட்டு மறைந்தது. களப் பொறுப்பாளர் சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். கெட்டித்த துப்பாக்கியைச் சுடுமேடையிலிருந்து ஓரடிகூட நகர்த்தக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் விதி. தோட்டாத் துப்பாக்கி என்றால் தோட்டாவை உருவிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் அது நடக்காது.

அன்று பக்கத்து மேடையில் இருந்த பெரியவர், நாங்கள் எல்லோரும் மரியாதையாக ‘ஊம்’ (ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் மாமா) என்று அழைப்பவர், கெட்டிக்கும் கம்பின் முனையில் குண்டு இழுக்கும் திருகைப் பொருத்தி, ஈயத்தில் இறக்கி இழுத்துத்தான் என் குண்டை வெளியே எடுத்தார். அந்தக் காலத்தில் மாட்டுவண்டிகளில் உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்த டச்சு வழி வூர்ட்ரெக்கர்கள் ‘சன்னா’ என்று செல்லமாக அழைத்த வழுவழுப்பான குழல் துப்பாக்கியில் குண்டு தளர்வாக இருக்கும், இந்தப் பாடு வராது என்று அவர் சிரித்தார். என்னுடையது உட்குழலில் வரிப்பள்ளம் வெட்டிய .50 காலிபர் (அரை அங்குலக் குழல்) ரைபிள். எண்ணெய்த் துணி சுற்றிய குண்டு அதில் இறுகிக் கிடந்ததால் இருவர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அந்த இருபது நிமிடமும் அவருடைய கை குழல்வாய்க்கு நேராகவே இருந்தது என்பது, ‘பாக்கி’யில் (சிறு திறந்த வண்டியில்) ஏறி வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வாரமே இந்தக் கருவியை வாங்கினேன். விலை 1,150 ராண்ட். ஏறத்தாழ இதே அமைப்பு பல பெயர்களில் விற்கப்படுவதால் பெட்டியின் மேலிருந்த பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

கருவி எளிமையானது. உள்ளங்கையில் அடங்கும் பித்தளை உருளைக்குள் 12 கிராம் கரியமில வாயுக் குப்பியை வைத்து மூடியைத் திருகினால், உள்ளிருக்கும் ஊசி குப்பியின் வாயைத் துளைக்கும். முனையிலுள்ள ரப்பர் வளையம் வைத்த இணைப்பியை நிப்பிளின் (கேப் எனும், அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி பொருந்தும் துளையுள்ள முளையின்) மேல் அழுத்திப் பிடித்துப் பொத்தானைத் தட்டினால், வாயு நிப்பிளின் துளை வழியாகப் பாய்ந்து மருந்தையும் குண்டையும் பின்னாலிருந்து தள்ளி வாய்வழியே வெளியேற்றும். தீப்பொறி இல்லை, வேட்டுச் சத்தம் இல்லை. சக்கிமுக்கித் துப்பாக்கியின் பற்றுவாய்க்கென்று (குழலின் பக்கத்திலுள்ள தீத்துளைக்கு) கூம்பு வடிவில் இன்னோர் இணைப்பியும் பெட்டியில் இருக்கிறது. அதை நான் பயன்படுத்திப் பார்க்கவில்லை.

விற்பவர்கள் இதை ‘மெல்ல வெளியேற்றும்’ கருவி என்கிறார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கமாட்டேன். 20 டிகிரி வெப்பத்தில் குப்பிக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 57 பார். அரை அங்குல விட்டமுள்ள குண்டின் பின்புறத்தில் அது முழுமையாக விழுந்தால் எழுபது கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை. துளை சிறியது என்பதால் முழு அழுத்தமும் போய்ச் சேராது. ஆயினும் பதினோரு கிராமுக்கு மேல் எடையுள்ள ஈயக்குண்டு குழலைவிட்டுப் பாயத்தான் செய்யும். ஆகவே, சுடும்போது எப்படியோ அப்படியே குழலை மண்மேட்டின் பக்கம் திருப்பி, முன்னால் யாரும் இல்லை என்று உறுதிசெய்து, கேப்பை அகற்றி, குதிரையை (கேப்பின் மேல் அடிக்கும் சுத்தியலை) பின்னுக்கு இழுத்து நிறுத்திய பிறகே இணைப்பியை வைக்கிறேன். இரண்டு மீட்டருக்கு அப்பால் ஈரச் சாக்கு ஒன்றையும் போட்டுவைப்பது வழக்கம்.

முதல் முறை பயன்படுத்தியபோது கருவி என்னைக் கைவிட்டது. இந்த மதிப்புரையை எழுதுவதற்கே அதுதான் காரணம். பொத்தானை அழுத்தியதும் ‘உஸ்’ என்று பக்கவாட்டில் வாயு கசிந்து, பித்தளை உருளையின் மேல் வெண்பனி படிந்து விரல் மரத்ததே தவிர, குண்டு வெளியே வரவில்லை. என் கெட்டிக்கும் கம்பில் இரண்டு வளையக் கோடுகள் உண்டு: குழல் காலியாக இருந்தால் ஒன்று குழல்வாயோடு சேரும், மருந்தும் குண்டும் இருந்தால் மற்றொன்று. கம்பை இறக்கிப் பார்த்தேன். இரண்டாவது கோடும் வாய்க்கு மேலே நான்கு விரல் உயரத்தில் நின்றது. குண்டு பாதி வழியில் நின்றுவிட்டது என்று பொருள்.

இது முன்பிருந்த நிலையைவிட மோசமானது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும்போது, ‘சரி, சுட்டே முடித்துவிடலாம்’ என்று கேப்பை வைத்தால் குழல் புடைத்துக்கொள்ளும், வெடித்தும் போகலாம். கருவியோடு வந்த ஒற்றைத்தாள் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உத்தரவாதத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியவர்களுக்கு இதற்கு இடம் கிடைக்கவில்லை போலும். குண்டைக் கம்பால் மறுபடி மருந்தின் மேல் படியும்வரை, கோடு வாயோடு சேரும்வரை தள்ளிவிட்டு, அதன் பிறகே காரணத்தைத் தேடினேன். முன்பு சுட்டதின் கரிப்படிவு நிப்பிளின் துளையைப் பாதி அடைத்திருந்தது; ரப்பர் வளையமும் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மெல்லிய பித்தளைக் கம்பியால் துளையைக் குத்தித் துடைத்து, வளையத்தை மாற்றி, புதிய குப்பி போட்டேன்.

இம்முறை ஒரு கனத்த ‘தொப்’ கேட்டது. சாக்கில் போய்ப் படிந்த குண்டை எடுத்துப் பார்த்தால், அதன் வயிற்றைச் சுற்றித் துணியின் நெசவு அச்சடித்ததுபோல் பதிந்திருந்தது. துணியின் ஓரத்தில் வரிப்பள்ளங்கள் கீறிய தடங்கள். மருந்து கரிய தூளாகப் பின்னால் சிதறியது. வெளியே விழுந்தாலும் அது வெடிமருந்துதான் என்பதால், புகைப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினேன். குழலின் அடியில் ஒரு சிட்டிகை ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, கம்பின் ‘காலி’க் கோடு வாயோடு சேர்ந்த பிறகுதான் துப்பாக்கியை மேடையிலிருந்து எடுக்கிறேன்.

அதன் பின் நான்கு முறை பயன்படுத்தியிருக்கிறேன். துணி சுற்றிய உருண்டைக் குண்டு மூன்று முறையும் முதல் குப்பியிலேயே வந்துவிட்டது. நீண்ட கூம்புக் குண்டுக்கு இரண்டு குப்பி செலவானது. மருந்தே போடாமல் மறதியில் குண்டை மட்டும் இறக்கிவிடுபவர்களுக்கு, அது எல்லோருக்கும் ஒருநாள் நேர்வதுதான், இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியவில்லை. இருந்தும் ஊமின் திருகை நான் பெட்டியிலிருந்து எடுத்துவிடவில்லை. வாயு தோற்றால், நிப்பிளின் வழியாகவும் வாய்வழியாகவும் தண்ணீர் ஊற்றி மருந்தை நன்றாக நனையவிட்டு, திருகால் இழுக்க வேண்டியதுதான்.

கரும்புத் தோட்டப் பக்கத்துப் பழைய வீடுகளில் தாத்தா காலத்துத் துப்பாக்கி சுவரில் தொங்குவதுண்டு. அதற்கு இந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது, துருவேறிய குழலில் குண்டு அசையாது, நூறாண்டு கடந்த கருமருந்தும் காய்ந்திருந்தால் பற்றிக்கொள்ளும். அது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை.

நான் வாங்கிய கடையில் மாற்று வளையங்கள் இருப்பில் இல்லை. ஆறு வாரம் காத்திருக்க நேர்ந்தது, அதனால் வாங்கும்போதே நான்கைந்து சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. பெட்டியிலுள்ள இணைப்பி 11ஆம் எண் கேப்புக்கான நிப்பிளின் அளவுக்குச் செய்யப்பட்டது. 1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் நகலை வைத்திருப்பவர்களுக்கு, அதன் மஸ்கட் கேப் நிப்பிள் பெரியது என்பதால், அது பொருந்தாது. பெரிய இணைப்பியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.