கிண்ணியாவில் பார்த்த தட்டையடிப் படகு

ஆழமற்ற, கல் நிறைந்த ஆற்றில் தூண்டில் போடப் படகு தேடுவோர், திருகோணமலையில் கடலுக்கென வார்க்கப்படும் கூர்ந்த அடியுள்ள கண்ணாடியிழைப் படகை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து; அலையை வெட்டிச் செல்ல உதவும் அதே கூர்மை, முழங்காலளவு நீரில் முதலில் கல்லில் மோதும். கிண்ணியாவில் நான் ஓட்டிப் பார்த்த தட்டையடிப் படகு, முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருப்பதால், ஒரு துடுப்பை இழுத்தாலே நின்ற இடத்தில் திரும்புகிறது. கல்லில் உரசித் தேயும் அடித்தளத்துக்குக் கூடுதல் கண்ணாடியிழைப் படலங்கள் இட்டிருப்பது மனமார்ந்த பாராட்டுக்குரிய வேலை. இருக்கைகள் ஒடுக்கமானவை. பக்கக் காற்றில் இப்படகு எளிதில் ஒதுங்குவதால், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவின் திறந்த நீருக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது. விலை பேசுமுன் படகைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, அடியைக் கையால் தடவிப் பாருங்கள்.